ஹவாய்க்குப் பாட்டு கேட்கப் போகலாமா? கேள்வி பதில்

ஹவாய் மரபிசையை நேரில் கேட்பதற்காகவே ஒரு பயணம் போட வேண்டும் என்று பலர் கேட்டதால் இந்தக் கேள்வி பதில். நான் ஹொனலுலுவில் இருப்பவன், கம்பிகளைத் தளர்த்திச் சுருதி வைத்து வாசிக்கும் ஸ்லாக் கீ கிடார் கற்றுக்கொண்டிருப்பவன். இசை பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். விசா, விமானக் கட்டணம், சைவ ஓட்டல் எல்லாம் என் துறை இல்லை.

கோவைக்காரர்: பத்து நாள் லீவு, நானும் மனைவியும். நாலு தீவையும் பார்த்துவிட்டு, போகிற இடத்தில் எல்லாம் பாட்டும் கேட்க முடியுமா?

பார்க்கலாம், கேட்க முடியாது. நாலு தீவு என்றால் பாதி நாள் விமான நிலையத்திலேயே போய்விடும். ஹொனலுலு இருக்கும் ஒவாஹு தீவிலிருந்து மற்ற தீவுகளுக்குக் கப்பல் போக்குவரத்து கிடையாது, எல்லாமே விமானம்தான். முதலில் கிழமையைப் பிடியுங்கள், தீவு பிறகு தானாக அமையும். இங்கே நல்ல இசை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் வாரக் கிழமைக் கணக்கில் நடப்பவை.

ஒவாஹுவில் ஐந்தாறு நாள் இருங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் இயோலானி அரண்மனைத் தோட்டத்தில் ராயல் ஹவாய் பேண்டு வாசிக்கும், இலவசம். 1836-ல் மூன்றாம் கமேஹமேஹா மன்னர் தொடங்கிய குழு அது. அரசு போய், குடியரசு வந்து, அமெரிக்காவும் வந்துவிட்டது, குழு மட்டும் நிற்கவில்லை. இப்போது ஹொனலுலு நகராட்சியின் சம்பளத்தில் வாசிக்கிறார்கள். ஞாயிறு காலை கவாயஹாஓ தேவாலயத்துக்குப் போங்கள். பவளப்பாறைக் கற்களால் கட்டி 1842-ல் முடித்த கோவில் அது, வழிபாட்டில் ஹவாய் மொழித் துதிப்பாடல்கள் உண்டு. மதம் எதுவானாலும் பின்வரிசையில் அமைதியாக உட்காரலாம். பல குரல்கள் அடுக்கடுக்காக எழும் அந்தப் பாட்டுமுறைதான் பின்னால் ஹவாய்ப் பாட்டின் முதுகெலும்பு ஆனது. அதைக் கேட்காமல் வைக்கிகி கடற்கரை ஓட்டல் பாட்டைக் கேட்டால் பாதிதான் பிடிபடும்.

சாயங்காலத்துக்கு ஹலேகுலானி ஓட்டலின் கடற்கரை முற்றம். அந்தப் பழைய கியாவே மரத்தடியில் சூரியன் மறையும் நேரத்தில் சிறு குழு பாடும், பெரும்பாலும் ஸ்டீல் கிடாரும் (கம்பியின் மேல் இரும்புத் துண்டை நகர்த்தி வாசிப்பது) இருக்கும், ஒற்றை ஹூலா நடனமும் இருக்கும். ஒரு பானம் வாங்கினால் போதும். விலை கொஞ்சம் கடிக்கும்.

மீதி நாளுக்கு மாவி தீவு. நாபிலி கடற்கரை விடுதியில் ஜார்ஜ் கஹுமோகு நடத்தும் ஸ்லாக் கீ கச்சேரி பல ஆண்டுகளாகப் புதன்கிழமைகளில் நடந்து வருகிறது. பாட்டுக்கு நடுவே கதை சொல்வார், சிரிக்க வைப்பார். போகும் வழியில் லாஹைனா வரும். 2023 ஆகஸ்டில் எரிந்துபோன ஊர் அது. அங்கே வண்டியை நிறுத்திப் புகைப்படம் எடுக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை, இன்று இதை அடிக்கடி சொல்வேன்: போகிற வாரத்து அட்டவணையைப் போவதற்கு முன் பாருங்கள். யாராவது ஒரு கலைஞருக்குக் காய்ச்சல் என்றாலும் இங்கே நிகழ்ச்சி மாறும்.

சிட்னி மாமி: லுவாவ் விருந்துக்குப் போனால் மரபிசை கேட்டதாகக் கணக்காகுமா?

சாப்பாடு கேட்டதாகக் கணக்காகும், மாமி. பெரும்பாலான சுற்றுலா லுவாவ்களில் நெருப்புக் கத்திச் சுழற்றல் சமோவாவிலிருந்து வந்தது, வேகமான இடுப்பாட்டமும் முரசும் தஹிதியிலிருந்து வந்தவை. குழந்தைகள் இருந்தால் போங்கள், ரசிப்பார்கள். ஹவாய் இசைக்காக மட்டும் என்றால் அந்தப் பணத்தில் இரண்டு நல்ல கச்சேரி கேட்கலாம்.

திருச்சி கிடார் தம்பி: ஸ்லாக் கீ என்பது சாதாரண கிடாரா அல்லது தனிக் கருவியா அண்ணா?

சாதாரண கிடார்தான், தம்பி. சுருதி வைக்கும் முறைதான் வேறு. 1830-களில் மாடு மேய்க்கத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று மன்னர் மெக்சிகோ பகுதி மாட்டுக்காரர்களை வரவழைத்தார். அவர்களோடு கிடார் வந்தது. அவர்கள் போன பிறகும் கிடார் நின்றது. உள்ளூர்க்காரர்கள் கம்பிகளைத் தங்கள் குரலுக்கு ஏற்பத் தளர்த்திக்கொண்டார்கள்.

உன் கிடாரில் இப்போதே செய்து பார். ஆறாவது கம்பியை ஈ-யிலிருந்து டீ-க்கு இறக்கு. ஐந்தாவதை ஏ-யிலிருந்து ஜீ-க்கு இறக்கு. முதல் கம்பியையும் ஈ-யிலிருந்து டீ-க்கு இறக்கு. மற்ற மூன்றைத் தொடாதே. எதையும் அழுத்தாமல் மீட்டினால் ஜீ மேஜர் முழுதாகக் கேட்கும். கட்டைவிரல் கீழ்க்கம்பிகளில் மாறி மாறிச் சுருதி போட, மற்ற விரல்கள் மேலே பாட்டை வாசிக்கும். ஒரே ஆள் தாளமும் பாட்டும் நடத்துவதுதான் இதன் அழகு. இப்படி இன்னும் பல சுருதிகள் உண்டு. பல குடும்பங்கள் தங்கள் சுருதியை வெளியாள் காதில் விழாமல் பொத்திவைத்தன. பேரன் கூடத் தாத்தாவுக்குத் தெரியாமல் கேட்டுக் கற்ற கதைகள் எத்தனையோ.

இதைப் பதிவு உலகுக்குக் கொண்டுவந்தவர் கேபி பஹினூய் (1921–1980). நாற்பதுகளின் பிற்பகுதியில் வந்த அவர் பதிவுகளிலிருந்துதான் இந்தக் கலை வீட்டு வாசலைத் தாண்டியது. அவர் வாசிப்பையும் ரே கேன், சன்னி சில்லிங்வொர்த், லெட்வர்ட் காபனா வாசிப்பையும் கேட்டுவிட்டு விமானம் ஏறு. ஊருக்கு வந்த பிறகு பழகலாம் என்று நினைத்தால் முதல் கச்சேரி முழுக்க எல்லாப் பாட்டும் ஒன்றுபோலக் கேட்கும்.

பாண்டிச்சேரிவாசி: லுவாவ் ஏதாவது ஒன்று சிபாரிசு செய்யுங்களேன்?

மேலே சிட்னி மாமிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

நாட்டியப்பள்ளி ஆசிரியை, செம்மஞ்சேரி: மேரி மோனார்க் விழாவுக்கு மாணவிகளைக் கூட்டிப்போக ஆசை. டிக்கெட் கிடைக்குமா?

அம்மா, இது இன்றைக்கு வந்த நல்ல கேள்வி. ஹவாய் பெருந்தீவின் ஹீலோ ஊரில் 1964 முதல் நடக்கும் ஹூலா நடன விழா, ஈஸ்டர் ஞாயிறில் தொடங்கி அந்த வாரம் முழுக்க. போட்டி வியாழன், வெள்ளி, சனி. வியாழன் தனிநபர் போட்டி, வெள்ளி கஹிகோ, சனி ஔவானா. கஹிகோ என்பது பழைய முறை. கிடார் கிடையாது. சுரைக்குடுக்கை, சுறாத்தோல் போர்த்திய முரசு, குருவின் ஓதல், அவ்வளவுதான். ஔவானா புதிய முறை, அதில் கிடார், உகுலேலே என்ற நாலு கம்பிச் சின்னக் கிடார், பாட்டு எல்லாம் வரும். நாட்டியம் தெரிந்தவர்களுக்கு வெள்ளி இரவைச் சொல்வேன். தாளமும் அபிநயமும் ஓதலோடு எப்படிப் பூட்டப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வேறு இடம் தேட வேண்டாம்.

விழாவின் பெயர் கலாகௌவா மன்னரின் செல்லப்பெயர். மிஷனரிகள் செல்வாக்கில் 1830-ல் பொது இடத்தில் ஹூலா தடைசெய்யப்பட்டது. 1883-ல் தன் முடிசூட்டு விழாவில் அதை அரண்மனை முற்றத்துக்கே கொண்டுவந்து ஆடவைத்தவர் அவர். பக்திமான்கள் சிலர் கொதித்தார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை.

டிக்கெட் கடினம். அரங்கம் பெரியதில்லை, விண்ணப்பம் மாதக்கணக்கில் முன்னதாகப் போக வேண்டும், விதிமுறை விழாவின் இணையதளத்தில் வரும். கிடைக்காவிட்டால் மனம் உடைய வேண்டாம். புதன் இரவுக் காட்சி வழக்கமாக இலவசம், சீக்கிரம் வரிசையில் நிற்க வேண்டும். போட்டி இரவுகளை உள்ளூர் தொலைக்காட்சி நேரலையில் காட்டும். ஹீலோவில் பல கடைகளும் வீடுகளும் அதைப் போட்டுப் பார்க்கும், அந்தக் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்ப்பதே தனி. ஓட்டல் மட்டும் இப்போதே பிடியுங்கள். குடை எடுத்துக்கொள்ளுங்கள், ஹீலோவில் மழை இல்லாத வாரம் அபூர்வம். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: மேடையில் குரு ஓத ஆரம்பித்தால் பேச்சு நிற்க வேண்டும்.

தஞ்சாவூர் தம்புரா: ஸ்டீல் கிடாருக்கு இத்தனை புகழா? அது நம் கோட்டுவாத்தியத்தைப் பார்த்துச் செய்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்குத் தெரியாது, சார். ஸ்டீல் கிடாரைக் கண்டுபிடித்ததாக ஊர் ஒப்புக்கொள்வது ஜோசப் கேகுகு. ஒவாஹுவின் லாயியே ஊரில் 1874-ல் பிறந்தவர். கமேஹமேஹா பள்ளியில் படிக்கும்போது, 1889 வாக்கில், கம்பியின் மேல் இரும்புத் துண்டை நகர்த்தி வாசிக்கும் முறையை உருவாக்கினார். 1904-ல் அமெரிக்காவுக்குப் போய் அங்கே கற்பித்துப் பரப்பினார்.

தஞ்சாவூர் தம்புரா: அதற்கு முன்பே கேப்ரியல் டேவியன் என்ற இந்தியர் ஹொனலுலுவில் இதை வாசித்தார் என்று படித்தேன். ஏகதந்திரி வீணை 13-ஆம் நூற்றாண்டு நூலிலேயே இருக்கிறது. மறைக்காதீர்கள்.

மறைக்கவில்லை. டேவியன் கதையும் உண்டு: இந்தியாவில் பிறந்த இளைஞர், கப்பல் தலைவன் ஒருவனால் கொண்டுவரப்பட்டவர், 1880-களில் கிடார் கம்பியை நகர்த்தி வாசித்தவர் என்று சிலர் பின்னாளில் சொன்னார்கள். அவர் எந்த மாகாணம், வீணையைப் பார்த்தாரா, கேகுகு அவரைக் கேட்டாரா என்பதற்கு ஒரு துண்டுச் சான்றும் இல்லை. கம்பியில் எதையாவது உரசி நகர்த்துவது பல ஊர்களில் பலருக்குத் தோன்றக்கூடியது. கேகுகு செய்தது அதற்கு மேல்: மழுமழுப்பான எஃகுக் கட்டை, உயர்த்திய கம்பி, அதற்கான கைமுறை. கோட்டுவாத்தியம் பெரிய கலை, அதன் பெருமைக்கு ஹொனலுலு சான்றிதழ் தேவையில்லை.

திசையைத் திருப்பினால் சான்று நிறைய இருக்கிறது. தௌ மோயி என்ற ஹவாய்க் கலைஞர், அவரும் லாயியேயில் வளர்ந்தவர், குடும்பத்தோடு நாடு நாடாக வாசித்துப் போய் 1940-களில் கொல்கத்தாவில் தங்கிக் கற்பித்தார். அங்கே ஹவாயன் கிடார் வீட்டுக் கருவியானது. பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராகம் வாசித்தார், விஸ்வ மோகன் பட் கூடுதல் கம்பிகள் சேர்த்து மோகன வீணை செய்து 1994-ல் கிராமி வாங்கினார். கடன் வாங்கியதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

உறையூர் சோழன்: டேவியன் தமிழரா?

இல்லை என்று நிரூபிக்க முடியாது என்பதால் ஆம் ஆகாது.

மதுரைக்காரன்: தம்புரா அண்ணே, விடாதீங்க! சீர்காழி வரைக்கும் கேஸ் போட்டுரலாம்.

மதுரை, நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்களா?

மதுரைக்காரன்: கேக்குறேன். அந்த வானவில் பாட்டுக்காரரை எங்க கேக்கலாம்?

இஸ்ரேல் காமகவிவொஒலே 1997-லேயே, 38 வயதில், காலமாகிவிட்டார். அந்தப் பாட்டு, ‘ஓவர் த ரெயின்போ’, 1939-ல் வந்த அமெரிக்கப் படப் பாட்டு, அவர் உகுலேலேயோடு பாடியது 1988-ல். அழகுதான். ஆனால் கடற்கரையில் ஒவ்வொரு குழுவிடமும் போய் அதையே பாடச் சொல்லாதீர்கள். இரவுக்கு மூன்று முறை பாடி அவர்களுக்குச் சலித்திருக்கும். அவரே ஹவாய் மொழியில் பாடியவற்றைத் தேடிக் கேளுங்கள், பல மடங்கு கனமானவை. உங்கள் ஊர்க் கச்சேரியில் யாராவது வயலின்காரரிடம் போய் சினிமாப் பாட்டு கேட்டால் எப்படி இருக்கும்?

யாழ்ப்பாணத்து அக்கா, டொரன்டோ: கவாயி ஆதீனத்துக்குப் போறம். அங்கை இசை இருக்குமோ?

போய் வாங்கோ அக்கா. யாழ்ப்பாணத்து யோகசுவாமியிடம் தீட்சை பெற்ற சுப்பிரமுனியசுவாமி 1970-ல் நிறுவிய ஆதீனம், பெங்களூர் அருகே செதுக்கிய கருங்கல் இறைவன் கோவில் 2023-ல் கும்பாபிஷேகம் ஆனது. ஆனால் அங்கே கேட்பது பூசை. ஹவாய்ப் பாட்டுக்குக் கவாயி தீவில் ஓட்டல் மாலைகளையும் சமூகக்கூட நிகழ்ச்சிகளையும் பார்க்கவேணும். இங்கேயும் அதே எச்சரிக்கை: அந்த வாரத்து அட்டவணை.

சென்னை ரவுடி அப்பா: மகனுக்கு எட்டு வயது. உகுலேலே எங்கே வாங்கலாம்?

கடற்கரைக் கடைகளில் தொங்கும் வண்ண உகுலேலே பொம்மை, சுருதியில் நிற்காது. கமாகா நிறுவனத்தார் 1916 முதல் ஹொனலுலுவில் நல்ல உகுலேலே செய்கிறார்கள், தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க விடும் நாட்களும் உண்டு. ஆனால் கோவா என்னும் ஹவாய் மரத்தில் செய்த கருவி ஆயிரம் டாலரைத் தாண்டும். எட்டு வயதுக்கு நல்ல இசைக்கருவிக் கடையில் நூறு டாலர் அளவில் ஒன்று போதும். வைக்கிகியின் ராயல் ஹவாய் சென்டரில் இலவச வகுப்பும் நடக்கும். இந்தக் கருவிக்கு மூலம் 1879-ல் மதீரா தீவிலிருந்து வந்த போர்த்துகீசியக் கூலிகளின் சிறு கிடார் என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள்.

பெங்களூர் பையன்: லுவாவ்ல ஸ்லாக் கீ வாசிப்பாங்களா?

நெருப்புக் கத்தி சமோவா. இடுப்பாட்டம் தஹிதி. அடுத்த கேள்வி.

தஞ்சாவூர் தம்புரா: மூங்கில் துண்டால் வாசித்த ஏகதந்திரிக்குப் பதில் வரவில்லை.

வந்தது, சார், நீங்கள் ஏற்கவில்லை. தனிச் செய்தியில் தொடரலாம்.

பட்டுக்கோட்டை பேராசிரியர்: ஹவாய் மொழியே தமிழின் கிளை என்பதற்கு...

இல்லை.

ஈரோடு அண்ணி: கச்சேரி முடியும்போது எல்லோரும் எழுந்து கைகோத்து நிற்பதை வீடியோவில் பார்த்தேன். நாங்களும் நிற்கணுமா?

நில்லுங்கள், அண்ணி. ஹவாய் மீதான ஒரு பாட்டைக் கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாடுவது வழக்கம். பக்கத்தில் இருப்பவர் கையை நீட்டுவார், பிடித்துக்கொள்ளுங்கள். வரி தெரியாவிட்டால் உதட்டை அசைத்தால் போதும். அந்த நேரத்தில் கைபேசி பையில் இருக்கட்டும். மேடைக்குப் பக்கத்தில் உண்டியல் வைத்திருந்தால் ஐந்து டாலராவது போடுங்கள், பாடுகிறவர்களின் வருமானத்தில் அதுவும் ஒரு பங்கு.

சேலத்து மாப்பிள்ளை: மே மாதம் போனால் தோதுப்படுமா?

படும். மே 1 மாலை தினம், பூமாலையைத்தான் சொல்கிறேன். ஹொனலுலுவின் கப்பியோலானி பூங்காவில் ராயல் ஹவாய் பேண்டும் ஹூலாவும் இருக்கும். அதோடு ஒரு வெள்ளி, ஒரு ஞாயிறு, மாவியில் ஒரு புதன் சேருமாறு டிக்கெட் போடுங்கள். மீதி நாளில் கடலில் குளியுங்கள்.