முன்வாய்த் துப்பாக்கிக்கு எந்த எண்ணெய்? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வாய் வழியே மருந்தும் ஈய உருண்டையும் இட்டுக் கெட்டிக்கும் முன்வாய்த் துப்பாக்கியில், உருண்டையைச் சுற்றும் துணியில் எதைத் தடவுவது, சுட்ட பிறகு குழலை எதைக்கொண்டு கழுவுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். பயிர்க்காவல் உரிமத்தில் தாத்தா வைத்திருந்த எஸ்.பி.எம்.எல். (ஒற்றைக்குழல் முன்வாய்த் துப்பாக்கி) இப்போது என் பேரில் இருக்கிறது. இருபது வருடமாக அதைக் கழுவிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கழுவுவதிலிருந்தே தொடங்குகிறேன், துப்பாக்கி கெடுவது அங்கேதான். கரி, கந்தகம், வெடியுப்பு கலந்த கரிமருந்து எரியும்போது எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாது. கொஞ்சம் புகையோடு போகும், மிச்சம் குழலுக்குள்ளேயே கசடாகப் படியும். அந்தக் கசடில் பெரும்பகுதி பொட்டாசியம் உப்புகள். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். இன்றைய தோட்டாக்களிலுள்ள புகையில்லா மருந்துக்கென்று விற்கும் சால்வண்ட் (கரைப்பான்) இங்கே அவ்வளவாக உதவாது.

ஆனால் எந்தத் தண்ணீர்? கடலோரத்தில் எங்கள் போர் தண்ணீரே உப்பு. ஒரு தேர்தல் சமயம் அதிலேயே கழுவி, மேலாக எண்ணெய் துடைத்து ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். திரும்பி வந்ததும் துணியை விட்டு இழுத்தால் செங்கல் பொடிபோல் துரு. தாத்தாவின் துப்பாக்கியை நானே அரிக்கவிட்டேனே என்று அன்று ராத்திரி தூங்கவில்லை. அதிலிருந்து மழைத்தண்ணீர், இல்லையென்றால் கேன் தண்ணீர்தான்.

முதலில் கஜக்கோலை (மருந்தை இடித்து இறக்கும் கோல்) உள்ளே விட்டு, குழல் காலியாக இருந்தபோது அதில் வாய் மட்டத்தில் போட்டுவைத்த கோடு வாயோடு நிற்கிறதா என்று பாருங்கள். மேலே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது, நிறுத்திவிடுங்கள். கோடு சரியாக நின்றால் நிப்பிளை (மருந்துக்குத் தீ போகும் துளையுள்ள திருகு) கழற்றி, குழலின் அடிப்பக்கத்தை வாளியில் இறக்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு. கோலில் துணி சுற்றி மேலும் கீழும் இழுத்தால் தண்ணீர் மைபோல் வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கசடிலுள்ள கந்தக உப்பு கரைகிறது என்று அர்த்தம். துணி வெள்ளையாக வரும்வரை விடக்கூடாது. கொதிக்கும் தண்ணீர் சீக்கிரம் காயும் என்பார்கள்; எனக்கு அந்த நிமிடமே துரு பூத்தது.

சரி, உருண்டைத் துணிக்கு வருவோம். கிரீஸ், இன்ஜின் ஆயில் வேண்டாம். கரிமருந்துக் கசடோடு சேர்ந்து தார்போல் இறுகி, அடுத்த உருண்டை இறங்காது. தாவரக் கொழுப்பும் மெழுகும் கசடை இளக்கமாகவே வைத்திருக்கும். 1857 கலகத்தில் பேசப்பட்ட என்ஃபீல்டு தோட்டாத் தாளின் கொழுப்பும் இந்த வேலைக்குத்தான்.

நான் தடவுவது விளக்கெண்ணெய் மூன்று பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைத்து உருக்க வேண்டும், நேரடித் தீயில் கூடாது. நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுக்கும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உருகிவிடும்; நம் சித்திரை வெயிலில் வழிந்து மருந்தை நனைத்துவிடும். மார்கழியில் மட்டும் மெழுகைக் கொஞ்சம் குறைப்பேன். உள்ளே சுழல் வரி வெட்டிய குழல் வைத்து இலக்குப் பயிற்சி செய்பவர்கள், லேத் பட்டறையில் தண்ணீரோடு கலந்தால் பால்போல் ஆகிற கட்டிங் ஆயிலை ஒன்றுக்கு ஆறு, ஏழு என்று கலந்து, துணியை நனைத்துக் காயவைத்துப் பயன்படுத்துகிறார்கள். கெட்டித்த உடனே சுடுவதானால் எச்சில் துணியே போதும்.

துணி சுத்தப் பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் கலந்தது உருகி ஒட்டும். துடைக்க, கஞ்சி போகத் துவைத்த பழைய எட்டு முழ வேட்டியைவிட நல்லது கிடையாது. உருண்டைக்கு அது மெல்லிசு. மெத்தை உறைத் துணி வாங்குங்கள்.

எடுத்து வைக்கும்போது தையல் மெஷின் எண்ணெய் பூசலாம், அப்போது சுடப்போவதில்லையே. அடுத்த முறை கெட்டிப்பதற்கு முன் காய்ந்த துணியால் அதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். கழுவிய மூன்றாம் நாள் ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டுப் பாருங்கள். லேசாகப் பழுப்பு தெரிந்தாலும் மறுபடி வாளிதான்.