பள்ளிக்கு டாய்லெட்... எங்களுக்கு?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில், குவாலிட்டி பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். கம்பெனி தன் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணத்தில் பக்கத்து ஊர் அரசுப் பள்ளிக்கு அழகான கழிப்பறை கட்டிக் கொடுத்திருக்கிறது. எங்கள் ஷாப் ஃப்ளோரில் பெண்கள் டாய்லெட்டின் தாழ்ப்பாள் உடைந்து நான்கு மாதம் ஆகிறது. போதாக்குறைக்கு, மாதம் ஒரு சனிக்கிழமை லீவு நாளில் கம்பெனி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு மரம் நட வரச் சொல்கிறார்கள். போகாவிட்டால் மேனேஜர் முகம் மாறுகிறது. நல்ல காரியத்தைப் போய்க் குறை சொல்கிறோமே என்று உறுத்தலாகவும் இருக்கிறது. நான் நினைப்பது தப்பா?
- வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: தப்பே இல்லை. ஆனால் இரண்டு கோபத்தை ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள்.

"அந்தப் பணத்தில் எங்களுக்கு ஒரு தாழ்ப்பாள் போடக்கூடாதா?" என்று கேட்டால், "சட்டம் இடம் தராதும்மா" என்பார் எச்.ஆர். அது உண்மைதான். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய கம்பெனி (சொத்து மதிப்பு, விற்றுமுதலுக்கும் வரம்பு உண்டு) முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சொந்த ஊழியருக்காகச் செய்வதை அந்தக் கணக்கில் எழுத முடியாது.

ஆனால் கழிப்பறையும் குடிநீரும் தொழிலாளர் சட்டப்படி ஆலை நிர்வாகத்தின் கடமை. அதில் தர்மம் எங்கே வந்தது? எனவே சிஎஸ்ஆர் பேச்சையே எடுக்காமல், தாழ்ப்பாள் விஷயத்தை மட்டும் தேதி போட்டு எழுதி, நிர்வாகமும் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்காரும் ஒர்க்ஸ் கமிட்டியில் கொடுங்கள். கூட வேலை செய்யும் பெண்களும் கையெழுத்துப் போட்டால் நல்லது.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. ஊழியர்களைச் சமூகப் பணியில் ஈடுபடுத்துங்கள், அவர்களுக்கும் பெருமையாக இருக்கும் என்று சிஎஸ்ஆர் சட்டத்துக்கு மத்திய அரசு தந்த விளக்கமே சொல்கிறது. அதே விளக்கம், ஊழியரின் இலவச உழைப்புக்கு விலை போட்டு அந்த 2 சதவீதத்தில் சேர்க்கக்கூடாது என்றும் சொல்கிறது. அதாவது, நீங்கள் லீவைத் தொலைத்துக் குழி தோண்டினாலும் கணக்கில் ஒரு பைசா ஏறாது. ஏறுவது ஆண்டறிக்கையில் ஒரு போட்டோ.

நானும் பர்சனல் (இன்றைய எச்.ஆர்.) டிபார்ட்மென்டில் இருபது வருடம் குப்பை கொட்டியவன். ஒருமுறை பள்ளிக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்க வேனில் ஆட்களை ஏற்றிப் போனோம். எல்லோரும் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஃபிட்டர் ஒருவர் மட்டும், பல நாளாக ஓடாமல் கிடந்த பள்ளித் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். குழாயில் தண்ணீர் வந்ததும் பிள்ளைகள் போட்ட சத்தத்தைப் பற்றி கேன்டீனில் ஒரு வருடம் பேசினார். அவரை யாரும் போட்டோ எடுக்கவில்லை. அடுத்த முறை போக, கூப்பிடாமலே பெயர் கொடுத்தார்.

ஜாம்ஷெட்பூர் டாடா எஃகு ஆலையில் 8 மணி நேர வேலை 1912-லேயே வந்துவிட்டது, சிஎஸ்ஆர் சட்டத்துக்கு நூறு வருடம் முன்பு. (அங்கும் ஸ்ட்ரைக் நடந்திருக்கிறது, சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை.) தன் ஆட்களின் நேரத்தை மதிக்கிற கம்பெனி ஊருக்குச் செய்தால் ஊழியருக்குப் பெருமை. மதிக்காத கம்பெனி அதையே செய்தால் எரிச்சல்தான் வரும்.

மேனேஜரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "சார், விருப்பப்பட்டவங்க மட்டும் வரட்டும். வர்றவங்களுக்கு மாற்று லீவு கொடுங்க. பள்ளிக்கூடத்துல எங்களுக்குத் தெரிஞ்ச வேலையைச் செய்ய விடுங்க." ஆனால் இது அடுத்த மாதம். இந்த வாரம் தாழ்ப்பாள்.