காரில் சாட்டிலைட் ரேடியோ: 42,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். மேடவாக்கத்தில் இருக்கிறேன், வயது 38, சிறுசேரியில் வேலை. பிடித்தம் போக மாதம் 74,000 ரூபாய் கைக்கு வருகிறது. போன வருடம் கடனில் கார் வாங்கினேன், தவணை 14,800. வாடகை 17,000. நியூ ஜெர்சியில் இருக்கும் என் மச்சான் காரில் சாட்டிலைட் ரேடியோ வைத்திருக்கிறார். போன மாதம் ஊருக்கு வந்தபோது என் காரில் ஏறிக்கொண்டு, "இன்னுமா எஃப்எம் கேட்கிறீர்கள்?" என்று கேலி செய்தார். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் விசாரித்தேன். பெரிய டச் ஸ்கிரீன், சிம் கார்டு, சாட்டிலைட் ரேடியோ, ஒரு வருடச் சந்தா எல்லாம் சேர்த்து 42,000 என்றார்கள். கிரெடிட் கார்டில் 12 மாதத் தவணையாகப் போட்டால் மாதம் 3,900 வருமாம். அது என்னால் கட்ட முடிந்த தொகைதான். 2,000 அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். மனைவி வேண்டாம் என்கிறாள். தங்கை மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் செய்ததில் அதே கார்டில் 60,000 பாக்கி இருக்கிறது. ஆனால் மினிமம் தொகையை ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. பெட்ரோல் போடுவதும் அந்தக் கார்டில்தான். பெட்ரோல் பணத்தை மட்டும் மினிமத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவேன். தை மாதம் தங்கையின் இரண்டாவது பெண்ணுக்குக் காதுகுத்து வருகிறது. இந்த ரேடியோவுக்குப் பணம் கொடுப்பது சரிதானா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: ரேடியோவை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் கடிதத்தில் அது சின்ன விஷயம்.

உங்கள் மச்சான் கேட்பது சிரியஸ் எக்ஸ்எம். சிரியஸ், எக்ஸ்எம் என்று தனித்தனியாக இருந்த இரண்டு கம்பெனிகள் 2008-ல் ஒன்றானவை. அவர்களுடைய செயற்கைக்கோள்கள் ஒலிபரப்புவது வட அமெரிக்காவுக்கு. அங்கே நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒரு எஃப்எம் நிலையம் கரகரத்து மறைந்துவிடும். சில இடங்களில் செல்போன் சிக்னலும் இருக்காது. அந்த ஊருக்கு அது நியாயமான செலவாக இருக்கலாம். இந்தியாவில் இன்றைக்குக் காருக்கு அப்படி ஒரு சேவையே கிடையாது. கடைக்காரர் காட்டிய பெட்டி, உள்ளே போட்ட சிம் கார்டு வழியாக இணைய ரேடியோ ஓட்டும் ஆண்ட்ராய்டு திரை. அந்த வேலையை உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போன் ஏற்கெனவே செய்கிறது.

ஒரு காலத்தில் இங்கேயும் உண்மையான சாட்டிலைட் ரேடியோ இருந்தது. வேர்ல்டுஸ்பேஸ். 2000-ல் ஏவிய ஏசியாஸ்டார் என்ற செயற்கைக்கோளிலிருந்து வந்தது. ஏ.ஆர்.ரஹ்மான்தான் விளம்பர முகம். கர்நாடக சங்கீதத்துக்கென்றே ஒரு சேனல் இருந்ததால் மயிலாப்பூர் பக்கம் பல வீடுகளில் அந்தப் பெட்டியைப் பார்க்கலாம். அமெரிக்கத் தாய்க் கம்பெனி 2008-ல் திவால் மனு போட்டது. 2009 டிசம்பர் 31-ஓடு இந்தியச் சேவையும் நின்றது. நீண்ட காலச் சந்தாவை மொத்தமாகக் கட்டியிருந்தவர்கள் கையில் எதையும் பிடிக்காத ஒரு பெட்டி மிஞ்சியது. வருடக் கணக்கில் முன்பணம் வாங்கும் எந்தச் சந்தாவையும் நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேடவாக்கத்திலிருந்து சிறுசேரி போகிற நேரத்துக்கு 98.3, 93.5, 106.4 என்று தனியார் எஃப்எம் இருக்கிறது. விளம்பரம் அலுத்தால் வானொலியின் ரெயின்போ 101.4-ல் கிடைக்கும். ஆகாசவாணியின் நியூஸ்ஆன்ஏர் செயலி இலவசம். வெளியூர் நிலையங்களும் அதில் வரும். போனிலேயே பாட்டு கேட்டால் சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 60, 70 எம்பி செலவாகும். போக வர இரண்டு மணி நேரம் என்றாலும் 150 எம்பியைத் தாண்டாது. தினம் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி கொடுக்கும் பேக் போட்டுக்கொண்டு இன்னொரு சிம் எதற்கு? திருச்சிக்கோ புதுச்சேரிக்கோ போகும்போது நடுவில் சிக்னல் விடும் என்று பயமிருந்தால் முந்தைய இரவே பாட்டுகளைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். அப்புறம், புதுக் காரில் வயரை வெட்டி வெளித் திரை பொருத்தினால் மின்சாரப் பாகங்களுக்கான வாரண்டி போய்விடக்கூடும். இதைக் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

"ஒரு வருடச் சந்தாவும் சேர்த்து" என்பதையும் கவனியுங்கள். மச்சான் ஊரில் புதுக் கார் வாங்கினால் சில மாதங்கள் இலவசமாகக் கொடுப்பார்கள். அது முடிந்ததும் சலுகை விலை, அதுவும் முடிந்ததும் முழு விலை. நிறுத்துவதற்குப் போன் செய்தால் எளிதில் விடமாட்டார்கள். இதற்காகவே நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2023 டிசம்பரில் சிரியஸ் எக்ஸ்எம் மீது வழக்குப் போட்டார். சந்தாவை நிறுத்தும் முறை சட்டத்தை மீறுகிறது என்று 2024 நவம்பரில் தீர்ப்பும் வந்தது. உங்களுக்கும் இரண்டாவது வருடம் கார்டிலிருந்து தானாகப் பணம் போகக்கூடும். ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படிப்பட்ட ஆட்டோ டெபிட்டுக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும், நிறுத்தும் வசதியும் வேண்டும். ஆனால் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கமாட்டார்கள். அந்த எஸ்எம்எஸ்ஸை எத்தனை பேர் திறந்து படிக்கிறோம்?

சரி, ரேடியோ வேண்டாம். இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன்.

"மினிமம் தொகையை ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை" என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி அதுதான். மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் சிபில் ஸ்கோர் உடனே சரியாது, அவ்வளவுதான். வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஸ்டேட்மென்ட்டில் பொடி எழுத்தில் மாதம் மூன்றரை சதவீதம் என்பது போல ஒன்று இருக்கும். உங்கள் கார்டில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். 60,000-க்கு மூன்றரை சதவீதம் 2,100. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 378. ஆக மாதம் 2,478. மினிமம் என்பது பெரும்பாலும் பாக்கியில் ஐந்து சதவீதம், உங்களுக்குச் சுமார் 3,100. அதில் அசலில் கழிவது அறுநூறு, எழுநூறு ரூபாய். இப்படியே ஒரு வருடம் கட்டினால் கையை விட்டுப் போவது ஏறக்குறைய 35,000. பாக்கி 52,000-க்கும் 53,000-க்கும் நடுவில் நிற்கும். சுமார் 28,000 ரூபாய் வட்டியாகவும் வரியாகவும் காலி. காதுகுத்து எப்போதோ முடிந்துவிட்டது. சீரின் விலை மட்டும் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.

இதோடு பெட்ரோல் வேறு. பாக்கியை முழுதாகக் கட்டாதவருக்குக் கார்டில் வட்டியில்லாக் காலம் கிடையாது. பங்கில் கார்டைத் தேய்த்த அன்றிலிருந்தே அதற்கும் வட்டி. பெட்ரோல் பணத்தைத் தனியாகக் கட்டிவிடுகிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வங்கிக் கணக்கில் அப்படித் தனிப் பை எதுவும் இல்லை. மாதம் 6,000 ரூபாய்க்குப் போட்டால் நூறு, இருநூறு ரூபாய் அங்கேயும் கசிகிறது.

இதன் மேல் 42,000 ரூபாய்த் தவணையா? வட்டி 16 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வட்டிக்கு ஜிஎஸ்டி, பிராசஸிங் கட்டணம் எல்லாம் சேர்ந்து அந்தத் திரை 46,500-ஐத் தாண்டும். நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டியில்லாத் தவணை, என்று கடைக்காரர் சொன்னால், ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். இன்னொன்று, கார்டு தவணை முழுவதும் மினிமத்தில் சேரும். அதாவது 3,100 அடுத்த மாதமே 7,000 ஆகிவிடும். அதில் ஒரு மாதம் தவறினால் நீங்கள் பெருமைப்படும் அந்த வரலாறும் போய்விடும்.

நீங்களே ஒரு வழியும் காட்டியிருக்கிறீர்கள். மாதம் 3,900 கட்ட முடியும் என்கிறீர்கள். 3,100 ஏற்கெனவே கட்டுகிறீர்கள். இரண்டும் சேர்ந்தால் 7,000. வீட்டில் நகை இருந்தால், மனைவியிடம் கேட்டு அவர் சம்மதித்தால் மட்டும், ஒன்றிரண்டு பவுனை வங்கியில் வைத்து 60,000 வாங்குங்கள். அடகுக் கடைக்குப் போக வேண்டாம். பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ ஆண்டுக்கு ஒன்பது, பத்து சதவீதத்தில் கிடைக்கும். அன்றைக்கே கார்டு பாக்கியை முழுதாக அடைத்துவிடுங்கள். முதல் மாத வட்டி 500 ரூபாய்தான் வரும். இப்போது 2,478 கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மாதம் 7,000 கட்டிக்கொண்டே வந்தால் ஒன்பது மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். மொத்த வட்டி மூவாயிரத்துக்குள் முடியும். மனைவிக்கு விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். சம்பளக் கணக்கு வைத்திருக்கும் வங்கியில் பெர்சனல் லோன் கேளுங்கள். 13, 14 சதவீதம் ஆனாலும் கார்டு வட்டியில் அது மூன்றில் ஒரு பங்குதான்.

ஆனால் ஒன்று. கார்டு காலியானதும் "உங்கள் லிமிட்டை உயர்த்தியிருக்கிறோம்" என்று வங்கியிலிருந்து போன் வரும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நகைக் கடன் அடையும்வரை பெட்ரோலுக்கு யுபிஐ போதும். பழைய கடனை இடம் மாற்றிவிட்டு அதே கார்டில் புதிதாக ஏற்றிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கடைசியில் இரண்டு கடன்.

அடுத்தது தை மாதம். தாய்மாமன் சீரை நிறுத்துங்கள் என்று சொன்னால் அது சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவன் பேச்சாக இருக்காது. மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது உங்கள் உரிமை, செய்யுங்கள். எவ்வளவு என்பதை இப்போதே தங்கையிடம் பேசிவிடுங்கள், பத்திரிகை அடித்த பிறகு பேச முடியாது. மூத்தவளுக்குச் செய்த அளவு இளையவளுக்கும் எதிர்பார்ப்பார்கள் என்பது தெரியும். இன்றைய தங்க விலையில் அரைப் பவுன் கம்மலுக்கு உங்கள் இரண்டு மாதக் கார் தவணையைச் சேர்த்தாலும் போதாது. "இந்த வருடம் கையில் இருக்கும் 15,000-க்குள் செய்கிறேன், மீதியை அவள் கல்யாணத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று அண்ணன் வாயால் சொன்னால் தங்கை புரிந்துகொள்வார். அவர் வீட்டில் யாராவது முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். கார்டின் மாதம் மூன்றரை, அதாவது ஆண்டுக்கு 42 சதவீத வட்டியை அவர்கள் வந்து கட்டப்போவதில்லை. மச்சானின் கேலிக்கும் இதே பதில்தான்.

கடையில் கொடுத்த 2,000 அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அந்தத் தொகைக்குள் ஒரு போன் ஹோல்டர், ஃப்ளோர் மேட் என்று உபயோகமாக ஏதாவது வாங்கிக்கொண்டு வாருங்கள். அதற்கும் ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள். 2,000 போகிறதே என்று 40,000 கொடுக்கப் போகாதீர்கள். உங்கள் கார்டுக்கு நீங்கள் ஒரு மாதம் கட்டும் வட்டி அந்த 2,000-ஐவிட அதிகம்.