காக்கையும் பனம்பழமும் கூந்தலும்

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 27. ஆறு வருடமாகப் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு. மாதவிலக்குச் சிக்கல், முகத்தில் முடி எல்லாவற்றையும் எப்படியோ சமாளித்துவிட்டேன். தலைமுடி கொட்டுவதைத்தான் தாங்க முடியவில்லை. வகிடு அகலமாகிக்கொண்டே போகிறது. தோல் மருத்துவர் தலையில் தடவ மினாக்ஸிடில் என்ற மருந்து கொடுத்தார். ஐந்து வாரம் தடவினேன். முன்பைவிட அதிகமாகக் கொட்டியது, பயந்து நிறுத்திவிட்டேன். இப்போது ஒரு வீடியோவில் பார்த்த எண்ணெயும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும். எடை குறைந்தால் எல்லாம் சரியாகும் என்றார்கள், அதனால் நாளுக்கு ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன். குளித்ததும் உதிர்ந்த முடியை எண்ணுகிறேன். தோழிகளோடு புகைப்படத்தில் நின்று பல மாதங்கள் ஆகின்றன. கேட்டால் 'முடிதானே' என்கிறார்கள். முடிக்காக அழுவது அற்பமா? இதை மனதளவில் எப்படி எதிர்கொள்வது? பேசாமல் மொட்டை அடித்துவிடலாமா? அடித்தால் அடர்த்தியாக வளரும் என்கிறார்களே?

கே.

அன்புள்ள கே,

அற்பமில்லை. 'முடிதானே' என்று சொல்கிறவர்களுக்கெல்லாம் தலை நிறைய முடி இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அழுகை வந்தால் அழுங்கள், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். முகத்தில் வேண்டாத இடத்தில் முளைப்பதும் தலையில் வேண்டிய இடத்தில் உதிர்வதும் ஒரே வகை ஹார்மோனின் வேலை என்பது யாரையும் ஆத்திரப்படுத்தும். கருவுறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்குப் பிசிஓஎஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இத்தனை பேரில் ஒருத்தி என்பது கண்ணாடி முன்னால் நிற்கும்போது ஆறுதல் தராது, தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

இனி திட்டு. மருத்துவர் கொடுத்த மருந்துக்கு ஐந்து வாரம் கெடு வைத்தீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் வீடியோவில் காட்டிய எண்ணெயை எத்தனை மாதமாகத் தடவுகிறீர்கள் என்று எழுதவே இல்லை. அதற்கு மட்டும் ஏன் கெடு இல்லை?

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைச் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் நம் உடம்பு விஷயம் என்று வந்துவிட்டால் பேரைத் தூக்கிக் காக்கைக்குத்தான் கொடுக்கிறோம். அதிலும் தலைமுடி விஷயத்தில் உட்காரும் காக்கைகளுக்குக் கணக்கே இல்லை. காரணம், முடி எதற்கும் உடனே பதில் சொல்வதில்லை.

ஒவ்வொரு தலைமுடியும் இரண்டிலிருந்து ஆறு வருடம் வளர்கிறது. பிறகு வளர்ச்சியை நிறுத்திவிட்டு ஏறக்குறைய மூன்று மாதம் சும்மா நிற்கிறது. அப்புறம்தான் உதிர்கிறது. சீப்பில் வந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் தெரியும். வேரோடு வந்துவிட்டதே என்று பலரும் பதறுவது அதைப் பார்த்துத்தான். அது வேர் இல்லை, ஓய்வில் இருந்த முடியின் அடிப்பாகம். முடி முளைக்கும் வேர்ப்பை தோலுக்குள்ளேயே இருக்கிறது. ஆக, இன்று உங்கள் கையோடு வந்த முடிக்குச் சில மாதம் முன்பே சீட்டுக் கிழிந்துவிட்டது. அப்போது உடம்பில் என்ன நடந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? போன வாரம் மாற்றிய ஷாம்பூதான் நினைவிருக்கும்.

என் தங்கைக்கும் பிசிஓஎஸ். அவள் கல்லூரியில் படிக்கும்போது அது எங்கள் யாருக்கும் தெரியாது. அந்த நாட்களில் அவளுக்குக் கடுமையான காய்ச்சல் வந்து போனது. இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. காய்ச்சலை எல்லோரும் மறந்தாயிற்று. பழி ஷாம்பூ மீது விழுந்தது, பாதிப் பாட்டில் குப்பைக்குப் போனது. அவளோ சீப்பில் வந்ததைச் சுருட்டித் தாளில் மடித்து, மேலே தேதி எழுதி, மேஜை இழுப்பறையில் அடுக்கிவைப்பாள். பேனா தேடி அந்த இழுப்பறையைத் திறக்கிறவர்கள் சட்டென்று கையை இழுத்துக்கொள்வார்கள்.

பெரியம்மா ஓர் எண்ணெய் கொடுத்தார். சில வாரங்களில் கொட்டுவது குறைந்தது. காய்ச்சலுக்குப் பின்னால் வரும் உதிர்வு பெரும்பாலும் சில மாதங்களில் தானாக அடங்கிவிடும், அதன் இயல்பே அப்படி. ஆனால் பேர் எண்ணெய்க்குப் போனது. பெரியம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். இந்த மாதிரிச் சாட்சிகள்தான் எனக்கு ரொம்பப் பயம். பொய் சொல்கிறவரை மடக்கிவிடலாம், நம்பிச் சொல்கிறவரை என்ன செய்ய?

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடியில் இன்னொரு உதிர்வு சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. பிசிஓஎஸ்ஸில் மிகையாகும் இன்சுலின், ஆண்ட்ரோஜன்கள் என்ற ஆண் ஹார்மோன்களைச் சினைப்பை கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. அவற்றில் ஒன்றான டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிவைக்கும் புரதம் ஒன்றைக் கல்லீரல் தயாரிக்கிறது, அதையும் இன்சுலின் குறைத்துவிடுகிறது. இப்படிக் கட்டில்லாமல் உலவும் டெஸ்டோஸ்டிரோன், வேர்ப்பைக்குள் டிஹெச்டி என்ற இன்னும் வீரியமான பொருளாக மாறுகிறது. அது ஒத்துக்கொள்ளாத வேர்ப்பைகள் சுருங்குகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் முடி முன்னதைவிட மெல்லிசாக முளைத்து, முன்னதைவிடச் சீக்கிரம் உதிர்கிறது. நெற்றி ஓரம் பெரும்பாலும் அப்படியே இருக்க, உச்சியில் வகிடு மட்டும் அகலும். கொத்தாக எதுவும் கையில் வராததால் தங்கைக்குச் சந்தேகமே வரவில்லை. எண்ணெய்தான் வேலை செய்கிறதே! மாதவிலக்கு தள்ளிப்போவதையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு மருத்துவர், தலையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், 'கவலைய விடும்மா, தானா வளரும்' என்றார். கவலையை விட மருந்து எழுதித் தரவில்லை. இப்படியே வருடங்கள் போயின. அந்த எண்ணெயால் தலைக்கு ஒரு கெடுதலும் இல்லை. அதற்குக் கிடைத்த பேர்தான் கெடுத்தது.

இப்போது உங்கள் ஐந்து வாரத்துக்கு வருகிறேன். மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் கண்ட இடத்தில் முடி முளைக்கவே, தலையில் தடவும் கரைசலாக்கினார்கள். அமெரிக்காவில் 1988-இல் ஆண்களுக்கும் 1991-இல் பெண்களுக்கும் அனுமதி கிடைத்தது. அது ஓய்வில் இருக்கும் முடிகளை வெளியே தள்ளிவிட்டுப் புதிய சுற்றைத் தொடங்கி வைக்கிறது. அதனால் முதல் சில வாரங்கள் சிலருக்குக் கூடுதலாகக் கொட்டும். நீங்கள் மிரண்டு ஓடியது சரியாக அந்தக் கட்டத்தில்! மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிற முடி, ஐந்து வாரத்தில் என்ன சாட்சி சொல்லிவிடும்? ஆறு மாதமாவது பொறுத்துத்தான் பலனைப் பேச முடியும். இதை மருத்துவர் முதல் நாளே உங்களிடம் விளக்கியிருக்க வேண்டும். அந்தத் திட்டில் பாதி அவருக்கு.

திரும்பத் தொடங்குவதா என்பதை அவரிடமே கேளுங்கள், நான் மருத்துவர் இல்லை. கேட்கும்போது இரண்டை மனதில் வையுங்கள். நிறுத்தினால் வளர்ந்தது சில மாதங்களில் போய்விடும். கருத்தரிக்கும் யோசனை இருந்தால் இந்த மருந்து கூடாது. ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன, அவற்றைச் சாப்பிடும்போது கருத்தடை அவசியம், அவையும் மாதக்கணக்கில்தான் பதில் சொல்லும்.

பயோட்டினை விடுங்கள். பற்றாக்குறை இல்லாதவர்களுக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. அதைவிட மோசம், அதிக அளவில் சாப்பிட்டால் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே அது பிசகாகக் காட்டிவிடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் இதைப் பற்றி எச்சரித்தது. நீங்கள் பார்க்க வேண்டிய தைராய்டு பரிசோதனையும் அப்படிப் பிசகக்கூடியதுதான். இரும்புச்சத்தையும் பாருங்கள், பிசிஓஎஸ் இருந்தால் வேறு காரணம் இருக்கக் கூடாது என்று சட்டமில்லை.

ஒரு வேளைச் சாப்பாடு மட்டும் இன்றோடு நிற்க வேண்டும். எடை கூடுதலாக இருந்தால் நிதானமாகக் குறைப்பது இன்சுலினுக்கு நல்லது, அதில் சண்டையில்லை. ஒல்லியானவர்களுக்கும் பிசிஓஎஸ் வருகிறது என்பது வேறு விஷயம். பட்டினி கிடந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து அதுவே முடியைக் கொட்ட வைக்கும். அப்போது நீங்கள் பட்டினியையா நினைப்பீர்கள்? அந்த வாரம் புதிதாகத் தொடங்கிய நல்ல மருந்து எதையாவது பிடித்துத் திட்டி நிறுத்துவீர்கள். மறுபடியும் ஒரு காக்கை.

மனதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில், எண்ணுவதை நிறுத்துங்கள். நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் நடக்கிறது, தலைக்குக் குளித்த நாளில் அதைவிடக் கூடும். மெலிந்து போவது எண்ணிக்கையில் தெரியாது. வேண்டுமானால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அதே இடம், அதே வெளிச்சம், அதே வகிடு, காய்ந்த தலை என்று உச்சியை ஒரு படம் எடுத்து வையுங்கள். (விளம்பரங்களில் 'முன்பு' என்ற படம் ஈரத்தலையாகவும் 'பின்பு' என்ற படம் ஊதி உலர்த்திய தலையாகவும் இருப்பதை இனிமேல் கவனிப்பீர்கள்.) அப்புறம், மனம் சோர்ந்திருப்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிசிஓஎஸ் உள்ள எல்லோரிடமும் மனச்சோர்வும் பதற்றமும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அது வைத்தியத்தில் சேர்ந்தது, உங்கள் பலவீனத்தில் சேர்ந்ததில்லை.

தங்கைக்குப் போன முடியெல்லாம் திரும்பி வரவில்லை. இருப்பது நின்றது, கொஞ்சம் வளர்ந்தது. வகிட்டை ஒரு பக்கமாக எடுத்து, மண்டைத்தோல் தெரியும் இடத்தில் முடி நிறப் பொடியைத் தட்டிக்கொண்டு வெளியே கிளம்புகிறாள். மழை வந்தால் எரிச்சல்படுகிறாள். புகைப்படத்தில் நிற்கிறாள். நீங்களும் நில்லுங்கள். பொடியோ, விக்கோ, தொப்பியோ, எது வசதியோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளராது. கத்தி தோலுக்கு மேலேதான் போகிறது, சுருங்கிய வேர்ப்பை உள்ளே இருக்கிறது. வெட்டிய நுனி மழுங்கலாக இருப்பதால் கொஞ்ச நாள் தடிமனாகத் தெரியும், அதைப் பார்த்து இன்னொருவர் சாட்சி சொல்லக் கிளம்புவார். மொட்டை பிடித்திருந்தால் தாராளமாக அடித்துக்கொள்ளுங்கள். ஆனால் மருத்துவர் மருந்தைத் திரும்பத் தொடங்கச் சொல்லியிருந்தால், மொட்டைத் தலையிலும் அதை விடாமல் தடவுங்கள்.