பழைய கதியால் நின்ற கோடு எது?

கேள்வி: கோண்டாவிலில் என் சீதனக் காணியில் இருக்கிறேன். கணவர் கனடாவில். தெற்கு எல்லையில் பூவரசும் கிளுவையுமாக நின்ற கதியால் வேலியை (நட்டுத் துளிர்த்த உயிர்க்கம்பு வேலியை) எடுத்துவிட்டு, குறுக்குமறுக்காகச் சலாகை அடித்து, இடையிடையே கண் விட்ட மரவேலி போட்டோம். படலையடியில் பூங்கொடி படர ஒரு மர வளைவும் வைத்தோம். வேலை முடிந்து ஒன்றரை மாதமாகிறது. பக்கத்துக் காணிக்காரர் எனக்குப் பெரியப்பா முறை. கிணற்றடிப் பக்கமாக வேலியைத் தன் காணிக்குள் ஒன்றரை அடி அரக்கிவிட்டோம் என்கிறார். முந்தி ஓலை அடைப்பு இருந்தது, இப்போது தங்கள் கிணற்றடி முழுக்கத் தெரிகிறது, மறைக்காவிட்டால் வேலியைப் பிடுங்கி எறிவேன் என்றும் சொல்கிறார். அவருக்கு அந்த உரிமை உண்டா?

பதில்: சகோதரி, பிடுங்கி எறியும் உரிமை அவருக்கு இல்லை. எல்லை பிழையாகவே இருந்தாலும், ஒன்றரை மாதமாக நிற்கும் வேலியை நீதிமன்றக் கட்டளை இல்லாமல் தானே பிடுங்கினால், பிறர் பொருளுக்குச் சேதம் விளைவித்த குற்றத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டிவரும். அந்த மிரட்டலைப் பொலிசில் ஒரு முறைப்பாடாகப் பதிந்து வையுங்கள்.

ஆனால் அதை நம்பி நீங்கள் சும்மா இருக்கவும் முடியாது. சண்டை முற்றும் என்று கண்டால் பொலிசார் 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில் அறிக்கை போடுவார்கள். பெரியப்பாவே சத்தியக்கடதாசியோடு நேரடியாகவும் போகலாம். அங்கே காணி உறுதிப் பத்திரம் யார் பெயரில் என்று பார்ப்பதில்லை. அறிக்கை தாக்கலான நாளில் அந்த நிலம் யார் கையில் இருந்தது, அதற்கு முந்திய 2 மாதங்களுக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்றுதான் பார்ப்பார்கள். உங்கள் வேலிக்கு வயது ஒன்றரை மாதம். அந்தக் கெடு இன்னும் முடியவில்லை. “என் கையில் இருந்த நிலத்துக்குள் வேலியை அரக்கினார்கள்” என்று அவர் காட்டிவிட்டால், மாவட்ட நீதிமன்றம் உரித்தைத் தீர்க்கும்வரை அந்தத் துண்டு அவரிடம் திரும்பிப் போகலாம்.

ஆகவே உங்கள் பிரச்சினை புது வேலியில் இல்லை. பழைய கதியால் எந்தக் கோட்டில் நின்றது என்பதுதான் முழு வழக்கும். அந்தக் கதியால்களைச் சாட்சி வைக்காமல் பிடுங்கியது உங்களுக்கே பாதகம். நிலத்தில் நின்ற சாட்சியை நீங்களே எடுத்துவிட்டீர்கள். யாழ்ப்பாணத்தில் வேலி அடைக்கும் காலமென்றால் கதியால் அரக்கிய கதையும் கூடவே வரும். அதனால் நல்ல நோக்கத்தோடு செய்ததையும் சனம் அந்தக் கண்ணாலேயே பார்க்கும்.

இருந்தாலும் சாட்சி முற்றாக அழிந்திருக்காது. பூவரசின் அடிக்கட்டைகளும் வேரும் மண்ணுக்குள் கிடக்கும். கதியால் இருந்த குழியில் மண்ணின் நிறமே வேறாக இருக்கும். தனியே போய்த் தோண்டிப் பார்க்காதீர்கள். உரிமம் பெற்ற நில அளவையாளர் முன்னால், பெரியப்பாவும் நிற்கும்போது பாருங்கள். வீட்டில் பழைய சாமத்திய வீட்டு, கலியாண வீட்டு அல்பங்கள் இருக்கும். படத்தின் பின்பக்கத்தில் தெரியும் வேலியும் அதற்குப் பக்கத்தில் நிற்கும் தென்னையும் பெரிய சாட்சி, ஏனென்றால் தென்னை இன்னும் அதே இடத்தில்தான் நிற்கும்.

உறுதியில் இத்தனை பரப்பு என்று எழுதியிருப்பதை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம். எல்லைகள் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தால், விஸ்தீரணத்தைவிட எல்லைக்குத்தான் முதலிடம். இன்னொன்று, பழைய வேலி உங்கள் வரைபடக் கோட்டுக்கு உள்ளே நின்று, வெளியே விடுபட்ட துண்டை அவர் பத்து வருடங்களுக்கு மேலாகத் தடையில்லாமல், தனக்கே உரியதென்று ஆண்டு வந்திருந்தால், 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவைக் காட்டி அது தன்னுடையது என்று அவர் வாதாடலாம். இதே வாதம் உங்கள் பக்கத்துக்கும் பொருந்தும்.

இனிக் கிணற்றடி. உங்கள் எல்லைக்குள் நீங்கள் போடும் வேலி கண் வைத்ததாக இருக்கக்கூடாது என்று நம் நாட்டில் பொதுவான சட்டம் இல்லை. மறைப்பு வேண்டுமென்றால் அவர் தன் காணிக்குள் தகரமோ கிடுகோ அடைக்கலாம். சட்டம் அவ்வளவுதான். ஆனால் பல வருடம் ஓலை மறைப்புக்குள் குளித்த வீட்டுப் பெண்களுக்கு ஒரே நாளில் அது இல்லாமல் போனது சின்ன விஷயமல்ல. பெரியப்பாவின் கோபத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். கிணற்றடிக்கு நேரே வரும் துண்டுக்கு மட்டும் உட்பக்கமாகப் பனையோலையோ கிடுகோ கட்டிக் கொடுங்கள். உங்கள் முற்றத்து அழகு அதனால் கெடாது. இது அயலுக்காகச் செய்வது, எல்லைக் கோட்டை ஒப்புக்கொண்டதாகாது என்று ஒரு கடிதத்தில் குறித்துக் கொடுத்தால் போதும்.

அந்தக் கிணறு அவருக்கு மட்டும் உரியதா, இருவருக்கும் பங்கா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு உறுதிகளையும் எடுத்து, “பங்குக் கிணறும் வழி வாய்க்கால் உரித்தும்” என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அவர் வரும் வழியையோ தண்ணீர் ஓடும் வாய்க்காலையோ உங்கள் வேலி மறிக்க முடியாது. அந்த இடத்தில் ஒரு சின்னப் படலை வைத்தே ஆக வேண்டும்.

சலாகை பனையென்றால் ஒரு சொல். உங்கள் வளவுப் பெண்பனையைத் தறித்து எடுத்த மரமாக இருந்தால், தறிக்குமுன் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுத்திருக்க வேண்டும். பலா, ஈரப்பலாவுக்கும் அப்படியே. மரக்காலையில் வாங்கியதென்றால் பற்றுச்சீட்டைக் கவனமாக வையுங்கள். படலை வளைவின் கால்கள் ஒழுங்கைக்குள் வராமல் உங்கள் நிலத்துக்குள்ளேயே நிற்கின்றனவா என்று அளந்து பாருங்கள். அதற்கு அனுமதி தேவையா என்பதை நல்லூர் பிரதேச சபையில் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

சமாதானமாக முடிக்கத்தான் நான் சொல்வேன். கிராம சேவையாளரை வைத்துப் பேசலாம், மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அதுவும் சரிவராவிட்டால், அழிந்துபோன எல்லையை வரையறுத்துத் தரும்படி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். நீதிமன்றம் ஆணை கொடுத்து அளவையாளரை அனுப்பும். அந்த வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடும், செலவோ ஒன்றரை அடி நிலத்தின் விலையைத் தாண்டும்.

பேச்சில் இணங்கினாலும் வெள்ளைத்தாளில் கையெழுத்து வைத்து முடிக்காதீர்கள். ஒரு அடி நிலம் கை மாறினாலும், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு உறுதி வேண்டும். அதோடு உங்களுக்கும் கணவருக்கும் தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம் பொருந்துமானால், சீதனக் காணியில் ஒரு துண்டைக் கொடுக்கவும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. அவர் கனடாவில் இருப்பதால் அந்தக் கடதாசி வந்து சேர நாள் எடுக்கும், இப்போதே சொல்லி வையுங்கள்.

முதல் வேலை அளவை. அளவையாளர் வரும் நாளைப் பெரியப்பாவுக்கு முன்கூட்டியே வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். அதுவரை ஒரு சலாகையைக்கூடக் கழற்றவோ புதிதாக அடிக்கவோ வேண்டாம்.