கமான் உதைக்கும் இடம்

அன்புள்ள சார்,

கோவையில் பி.ஆர்க். நான்காம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டர் ஸ்டுடியோவின் தலைப்பு 'இயற்கை, கட்டமைப்பு, கட்டுமுறை'. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, சிப்பி ஓட்டை ஆதாரமாக வைத்து ஒரு வாசிப்புக் கூடம் வடிவமைத்திருக்கிறோம். அகலம் 3 மீட்டர், நீளம் 5 மீட்டர். இரண்டு பக்கமும் 2.4 மீட்டர் உயரத்தில் 24 செ.மீ. சுவர். மேலே 14 செ.மீ. தடிமனில் அழுத்திய மண்கல் வளைகூரை. ரைஸ், அதாவது காலிலிருந்து உச்சி வரை உயரம், அரை மீட்டர்தான். முதலில் சுவருக்குச் சுவர் டை ராட், அதாவது இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கம்பி, போட்டிருந்தோம். செக்‌ஷனில் அது கண்ணை உறுத்தியதால் எடுத்துவிட்டோம். அடுத்த மாதம் கல்லூரி வளாகத்திலேயே நிஜ அளவில் கட்டப்போகிறோம்.

இறுதி ஜூரியில் "இயற்கையிலிருந்து என்ன எடுத்துக்கொண்டீர்கள்" என்று கேட்பார்கள். சிப்பியோடு கறையான் புற்றையும் சேர்த்து, காற்றோட்டத்துக்கு அதைக் காட்டலாமா? வடிவம் கண்டுபிடிக்க எந்த மென்பொருள் நல்லது? மண்கல்லை விட்டு மூங்கிலுக்கு மாறிவிடலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

ம.

அன்புள்ள ம.,

மாணவர்களின் வரைபடங்களைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்ச காலமாக ஒரே விஷயம்தான் மனதில் ஓடுகிறது. இயற்கையிலிருந்து வடிவத்தை எடுக்கிறார்கள். அந்த வடிவம் எங்கே, எப்படி முடிகிறது என்பதை எடுப்பதில்லை. உங்கள் கடிதம் சரியாக அந்த இடத்தில் கைவைத்துவிட்டது.

கறையான் புற்றை விட்டுவிடுங்கள். ஜிம்பாப்வேயின் ஹராரேயில் மிக் பியர்ஸ் வடிவமைத்து 1996இல் திறந்த ஈஸ்ட்கேட் கட்டடத்தைப் புற்றுக்கு உதாரணமாக எல்லோரும் ஷீட்டில் ஒட்டுகிறார்கள். அது நல்ல கட்டடம். இரவில் விசிறிகளால் குளிர்ந்த காற்றை உள்ளே இழுத்து, கனமான கான்கிரீட்டைக் குளிரவைத்து, பகலில் அந்தக் குளிர்ச்சியைப் பயன்படுத்துகிறது. ஆனால் புற்று அப்படி இயங்குவதில்லை. ஆய்வாளர்கள் ஸ்காட் டர்னரும் ரூபர்ட் சோரும் 2008இல் எழுதிய கட்டுரையில், புற்று புகைபோக்கிபோல் காற்றை மேலே இழுக்கிறது என்ற பழைய விளக்கம் பொருந்தாது என்று காட்டினார்கள். அவர்கள் சொல்வதன்படி அது வெளிக்காற்றின் ஏற்ற இறக்கத்தோடு நுரையீரலைப் போல வாயுக்களைப் பரிமாறிக்கொள்கிறது. உங்கள் கூடமோ 5 மீட்டர் நீளம், இரண்டு முனையும் திறப்பு. அதற்குப் புற்று தேவையில்லை.

மூங்கிலும் வேண்டாம். மூன்று வயதுக்கு மேல் முற்றிய மூங்கில் வேண்டும், போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசலில் ஊறவைக்க வேண்டும், நிழலில் காயவைக்க வேண்டும். ஒரு மாதத்தில் முடிகிற வேலை இல்லை. மென்பொருள் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். "கண்ணை உறுத்தியதால் எடுத்துவிட்டோம்." ஐந்து பேரில் ஒருவருக்குக்கூடவா, அந்தக் கம்பி எதற்காக அங்கே இருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை? அந்தக் கூரைக்குக் கீழே முதலாமாண்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள்.

சுவருக்கு வெள்ளையடிக்கிறவர் கொண்டுவரும் இரட்டை ஏணியைப் பாருங்கள். இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டியிருக்கும். மேலே ஆள் ஏறினால் கயிறு விறைக்கும். அறுத்துவிட்டால் கால்கள் இரண்டும் விலகிப்போகும். கமானும் அப்படித்தான் தன் கால்களை வெளியே உதைக்கிறது; உங்கள் வளைகூரை நீளவாக்கில் இழுத்த கமான்தான். எடையைக் கீழே மட்டும் இறக்கும் கமான் கிடையாது.

எவ்வளவு உதைக்கிறது? கணக்குப் போட்டுவிடலாம். மண்கல் ஒரு கன மீட்டர் 1900 கிலோ என்றால், 14 செ.மீ. தடிமனுள்ள வளைகூரை சதுர மீட்டருக்கு 266 கிலோ. தொங்கும் சங்கிலியைத் தலைகீழாகத் திருப்பிய வடிவத்தில், 3 மீட்டர் அகலத்துக்கு அரை மீட்டர் ரைஸ் வைத்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுவர்மீது கீழ்நோக்கி இறங்குவது சுமார் 427 கிலோ. பக்கவாட்டில் உதைப்பது சுமார் 620 கிலோ. எடையைவிட உதைப்பு அதிகம். 5 மீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு சுவரையும் 3.1 டன் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், இரவும் பகலும். மழை, காற்று, மேலே ஏறும் ஆள் எதையும் இதில் சேர்க்கவில்லை.

அந்த 620 கிலோ உங்கள் சுவரின் உச்சியில், தரையிலிருந்து 2.4 மீட்டர் உயரத்தில் தள்ளுகிறது. கவிழ்க்கும் திருப்புவிசை மீட்டர் நீளத்துக்கு சுமார் 1490 கிலோ-மீட்டர். எதிர்த்து நிற்பது எது? சுவரின் சொந்த எடை 1094 கிலோ, கூரையிலிருந்து வரும் 427 கிலோ, இரண்டும் சுவரின் நடுவிலிருந்து வெளி விளிம்பு வரை 12 செ.மீ. கைநீளத்தில். மொத்தம் 183 கிலோ-மீட்டர். எட்டு மடங்கு குறைவு. சென்ட்ரிங்கைப் பிரித்த அன்றே சுவர் வெளியே சாயும். கூரையின் உச்சி கீழே இறங்கும். உச்சியில் விரிசல் அடிப்பக்கம் திறக்கும், கால்களுக்கு அருகில் வெளிப்பக்கம் திறக்கும். அந்த மூன்று இடமும் கீலாகிவிட்டால் அதற்குப் பிறகு கூரை கூரையாக இருக்காது.

டை ராட் இல்லாமல்தான் வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. இதே கூரையை, கவிழ்வுக்கு எதிராக இரண்டு மடங்கு பாதுகாப்போடு நிறுத்த சுவரின் தடிமன் 1.1 மீட்டர் வேண்டும். ஈராக்கில் டெசிஃபோனில் நிற்கிற பழைய செங்கல் கமான் சுமார் 25 மீட்டர் அகலம். அதன் பக்கச் சுவர்கள் அடியில் சுமார் 7 மீட்டர் தடிமன். அதைக் கட்டியவர்கள் செக்‌ஷனைச் சுத்தமாக வைத்துக்கொள்ள அந்த விலை கொடுத்தார்கள். உங்களிடம் அத்தனை கல்லும் இல்லை, மாதமும் இல்லை.

சிப்பிக்கு வருவோம். கோழிமுட்டை ஓட்டின் தடிமன் 0.3, 0.4 மி.மீ.தான், அகலம் சுமார் 45 மி.மீ. இவ்வளவு மெல்லிய ஓடு எப்படித் தாங்குகிறது? எல்லாப் பக்கமும் வளைந்து, தன்னில் தானே மூடிக்கொண்டிருக்கிறது. வெளியே தள்ளும் விசையை அதே ஓடு சுற்றிவளைத்துப் பிடித்துக்கொள்கிறது. சிப்பி இரு திசையிலும் வளைந்தது, மேலே வரிவரியாக மடிப்பு உண்டு. நீங்கள் அதிலிருந்து ஒரு கோட்டை மட்டும் எடுத்து 5 மீட்டருக்கு இழுத்துவிட்டீர்கள். பிறகு பாதியில் வெட்டிச் சுவர்மேல் வைத்துவிட்டீர்கள். வெட்டிய விளிம்பில்தான் உதைப்பு வெளியே வருகிறது. ஓடு செய்துகொண்டிருந்த வேலையை அந்த இடத்தில் வேறு ஏதாவது செய்தாக வேண்டும். நீங்கள் எடுத்துப்போட்ட கம்பி அதைத்தான் செய்துகொண்டிருந்தது. சிலந்தி வலைக்கும் இதே கதை. வலையைப் படம் வரைகிற மாணவர்கள் அது கட்டியிருக்கும் கிளையை வரைவதே இல்லை.

அளவும் ஒரு விஷயம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 5 செ.மீ. சிப்பியை அப்படியே 5 மீட்டராக்கினால் நீளம் 100 மடங்கு, வெட்டுமுகம் 10,000 மடங்கு, எடை 10 லட்சம் மடங்கு. ஆக ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தாங்க வேண்டிய சுமை 100 மடங்கு. கலீலியோ 1638இலேயே இதை எழுதிவைத்துவிட்டார்.

வடிவம் சரியாக இருந்தாலும் காலைக் கட்ட வேண்டும் என்பதற்கு ரோமின் புனித பேதுரு பேராலயத்தைவிட நல்ல பாடம் கிடையாது. 1740களில் அதன் குவிமாடத்தில் விரிசல்கள் பெரிதாயின. கணிதவியலாளர் ஜியோவான்னி போலேனி குவிமாடத்தின் ஒரு கீற்றை 32 துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எடைக்கும் ஏற்ற குண்டுகளை ஒரு சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டார். சங்கிலியின் கோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தபோது அது குவிமாடத்தின் தடிமனுக்குள்ளேயே இருந்தது. வடிவத்தில் குறையில்லை என்று தெரிந்த பிறகும் சுற்றிலும் இரும்பு வளையங்கள் பூட்டச் சொன்னார். பூட்டினார்கள். நம் ஊர்ப் பழைய கட்டடங்களில் இரும்பு ஜாய்ஸ்டுகளுக்கு (உத்திரங்களுக்கு) நடுவே செங்கல் ஜாக் ஆர்ச், அதாவது சின்னச் சின்னக் கமான்கள், வைத்த கூரைகள் உண்டு. அண்ணாந்து பாருங்கள். நடுக் கமான்கள் ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்ளும். கடைசிக் கட்டத்தில் மட்டும் குறுக்கே கம்பி ஓடும், அதற்கு அப்பால் தாங்க யாரும் இல்லை என்பதால்.

சரி, என்ன செய்யலாம்? கம்பியைத் திரும்பப் போடுங்கள். 12 மி.மீ. மைல்டு ஸ்டீல் ராட், ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, மொத்தம் நான்கு. நடுவில் உள்ளவை ஒவ்வொன்றும் 930 கிலோ வரை இழுபடும். மரை வெட்டிய இடத்தில் கம்பி மெலிந்துவிடும், அங்கே அதன் பாதுகாப்பான தாங்குதிறன் சுமார் 1.2 டன். போதும். ராடைச் சுவரில் நேராகச் சொருகாதீர்கள், கல் நொறுங்கும். சுவரின் தலையில் கான்கிரீட் ரிங் பீம் போட்டு, அதன் வெளிமுகத்தில் 150 மி.மீ. சதுரத் தகடு வைத்து நட்டைப் பூட்டுங்கள். ராடுகளுக்கு இடையில் பீம் கிடைமட்டமாக வெளியே வளையப் பார்க்கும், ஆகவே பீமுக்குள் வைக்கும் கம்பி உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டிலும் வேண்டும். சென்ட்ரிங் இறக்குவதற்கு முன்பே நட்டு இறுகியிருக்க வேண்டும். பாதி இறக்கியதும் மறுபடி ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள்.

ஆனால் எனக்குப் பிடித்த வழி வேறு. சுவரையே எடுத்துவிடுங்கள். கமானைத் தரையிலிருந்து தொடங்கி 2.7 மீட்டர் உயர்த்துங்கள். உதைப்பு மீட்டருக்கு சுமார் 170 கிலோவாகக் குறையும், அதுவும் கடைக்கால் மட்டத்தில், கவிழ்க்கச் சுவரே இல்லாத இடத்தில். இரண்டு கடைக்காலையும் தரைக்கு அடியில் குறுக்கு பீமால் இணைத்துவிட்டால் கால் விலகாது. உங்கள் ஊரைப் போல் கரிசல் மண் இருக்கக்கூடிய இடத்தில் அந்தக் குறுக்கு பீம் கட்டாயம். மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் மண்ணை நம்பிக் கமானின் காலை விடக் கூடாது. தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் உள்ளே சுமார் 1.6 மீட்டர் அகலம் இருக்கும், ஆள் தாராளமாக நடக்கலாம். தாழ்ந்த ஓரங்களில் சாய்ந்து உட்கார்ந்து படிக்கலாம். வாசிப்புக் கூடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? செக்‌ஷனில் கம்பியும் தெரியாது.

மென்பொருள் கேட்டிருந்தீர்கள். முதலில் சங்கிலி வாங்குங்கள். 1:10 அளவில் ஒட்டுப்பலகையில் 30 செ.மீ. இடைவெளியில் ஒரே மட்டத்தில் இரண்டு ஆணி. மட்டத்தை ரசமட்டம் வைத்துப் பாருங்கள், கண்ணால் வேண்டாம். நூல் உதவாது, தன் முறுக்கால் விறைத்து நிற்கும். கண்ணி சின்னதாக உள்ள மெல்லிய சங்கிலி வேண்டும். சங்கிலியின் நடு ஆணி மட்டத்திலிருந்து 27 செ.மீ. கீழே இறங்கும்படி தொங்கவிட்டு, பின்னால் வரைதாள் வைத்து, நேர் எதிரே நின்று கோட்டை எடுங்கள். சாய்ந்து பார்த்தால் 2 மி.மீ. பிழை வரும், நிஜத்தில் அது 2 செ.மீ. உங்கள் தடிமனில் நடு மூன்றில் ஒரு பங்கே 4.7 செ.மீ.தான், கோடு அதற்குள் ஓட வேண்டும். வெறும் சங்கிலி சொல்வது சீரான தடிமனுள்ள கூரைக்கு மட்டும். மேலே மண் கொட்டிப் புல் வளர்க்கும் ஆசை இருந்தால் 30 செ.மீ. ஈரமண் சதுர மீட்டருக்கு 540 கிலோ, கூரையின் எடையைப் போல இரண்டு மடங்கு. அதற்கேற்ற எடைகளைச் சங்கிலியில் மாட்டி மறுபடி கோடெடுக்க வேண்டும். ஸ்பெயினின் கட்டடக் கலைஞர் கவுடி கொலோனியா குவேல் தேவாலயத்துக்குச் செய்த தொங்கு மாதிரியில் ஈயக்குண்டுப் பைகளைக் கட்டியது இதற்குத்தான். சங்கிலியும் மென்பொருளும் ஒரே கோட்டைக் காட்டும் வரை மென்பொருளை நம்பாதீர்கள்.

கட்டும்போது கல்லை நனைத்து வையுங்கள். காய்ந்த கல் கலவையின் நீரை உறிஞ்சிவிடும், பிடிப்பு வராது. சாந்து கனம் 1 செ.மீ.க்குள். வெளிப்பக்கம் விரியும் இணைப்பில் சாந்தை மட்டும் அப்பாமல் கல்சில்லு அடித்து இறுக்குங்கள். இரண்டு பக்கமும் வரிக்கு வரி சமமாக ஏற வேண்டும். ஒரு பக்கம் மூன்று வரி முந்தினால் சென்ட்ரிங் மறுபக்கம் சாயும். கடைசி ஐந்து வரிகளைச் சாந்தில்லாமல் அடுக்கிப் பார்த்து இணைப்பைப் பங்கிடுங்கள், இல்லாவிட்டால் உச்சியில் அரைக்கல்தான் நுழையும். சென்ட்ரிங்கின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஜோடி ஆப்பு வையுங்கள். பிரிக்கும்போது எல்லா ஆப்பையும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே அளவில், 5 மி.மீ. இறக்கி நிறுத்திப் பாருங்கள்.

ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் இந்தக் கணக்கைக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். சாந்து 28 நாள் முற்றிய பிறகு சோதனை. அகலத்தில் நாலில் ஒரு பங்கு தள்ளிய இடத்தில், ஒரு பக்கம் மட்டும், மணல் மூட்டைகளை அடுக்குங்கள். கமானுக்குச் சீரான சுமையைவிட ஒருபக்கச் சுமைதான் ஆபத்து. எத்தனை மூட்டை என்பதைப் பொறியாளர் சொல்லட்டும். மறுபக்கத்தில் அதே இடம் மேலே எழும்புகிறதா என்று அளவெடுங்கள். 24 மணி நேரம் விட்டு மறுபடி அளந்து, இறக்கிய பிறகு பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். மூட்டை மேலே இருக்கும் வரை கூரைக்கு அடியில் யாரும் போகக் கூடாது, அளவெடுப்பவரும் வெளியே நின்றுதான். அளவுகளை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.