பதில்: செகண்ட் ஹேண்ட் லேப்டாப்ல வால்பேப்பர் கூட மாத்த முடியல

ப்ரோ, நீங்க சொல்றத பாத்தா வைரஸ் எல்லாம் இல்ல. வால்பேப்பர் மாத்துற எடம் மங்கலா இருக்கு, மேல சிவப்பு எழுத்துல உங்க நிறுவனம் நிர்வகிக்குதுன்னு வருதுன்னா முன்னாடி ஓட்டுன கம்பெனி போட்ட பாலிசி, அதாவது எத மாத்தலாம் எத மாத்தக்கூடாதுங்கிற கட்டுப்பாடு, இன்னும் உள்ள உக்காந்திருக்கு, அவ்ளோதான்.

மொதல்ல செட்டிங்ஸ்ல அக்கவுன்ட்ஸ் போய் ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்ங்கிற பக்கத்த தொறந்து பாருங்க. அங்க ஏதாவது ஆபீஸ் ஈமெயில் ஒட்டிக்கிட்டு இருந்தா அதான் காரணம். ஒன்னுமே இல்லன்னா யாரோ ஜிபிஎடிட்லயோ (இந்த பாலிசிய மாத்துற விண்டோஸ் டூல்) ரெஜிஸ்ட்ரிலயோ (விண்டோஸ் தன்னோட செட்டிங்ஸ சேத்து வைக்கிற எடம்) கையால போட்டு வச்சிருக்காங்க, உங்களுக்கு அட்மின் உரிமை இருந்தா ஜிபிஎடிட்ல அத நாட் கான்ஃபிகர்டுன்னு மாத்திட்டா போதும், ஆனா விண்டோஸ் ஹோம்ல ஜிபிஎடிட் கெடையாது, தேடி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க.

ரெஜிஸ்ட்ரிய நோண்டுறதுக்கு பதிலா நானா இருந்தா சுத்தமா ரீஇன்ஸ்டால் பண்ணிடுவேன். யூஎஸ்பில போட்டு, பழைய பார்ட்டிஷன் எல்லாத்தையும் அழிச்சிட்டு. ஆனா இங்கதான் வெனயே இருக்கு. நான் சிங்கப்பூர் ஜூரோங்ல ஒருத்தர்கிட்ட 350 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்குனத அப்டி ஃபார்மேட் பண்ணி வைஃபை போட்டதும் ஏதோ ஒரு கம்பெனி பேரோட லாகின் பக்கம் வந்து நிக்குது! அதுக்கு பேரு ஆட்டோபைலட். மெஷினோட அடையாளம் மைக்ரோசாஃப்ட் சர்வர்ல அந்த கம்பெனி பேர்ல பதிஞ்சிருக்கும், ஹார்ட் டிஸ்க்க மாத்துனாலும் போகாது, அந்த கம்பெனி ஐடி ஆளுங்க எடுத்து விட்டாதான் உண்டு.

உங்களுக்கும் அப்டி வந்தா வித்தவர்கிட்ட சீரியல் நம்பர குடுத்து எடுத்து தர சொல்லுங்க, இல்லனா காச திருப்பி கேளுங்க. நெட் இல்லாம செட்டப் பண்ணலாம்னு சொல்ற வீடியோவ நம்பாதீங்க லா, அடுத்த தடவ ரீசெட் பண்றப்ப திரும்ப வந்து நிக்கும்.